சிலந்திக்குத் தீனி வைப்பது யார்?

"என் பையன் உயிரோடதான் இருக்கான். நம்பலைன்னா அந்தப் பூச்சியைப் பாருங்க. கொழுகொழுன்னு இருக்கு" என்றாள் அந்த அம்மா.

ஒட்டடை பார்க்கவில்லை. அறைக்கு வெளியே படிக்கட்டில் நின்றபடி, "இங்கிருந்தே நம்பறேன்மா" என்றான்.

ஆள் நெட்டை, ஒல்லி. ஒட்டடைக் குச்சி மாதிரி இருக்கிறான் என்று யாரோ வைத்த பெயர் ஒட்டிக்கொண்டது. அந்தப் பெயருக்கும் சிலந்திக்கும் உள்ள உறவு அவனுக்கு இன்றைக்குத்தான் உறைத்தது.

காணாமல் போனவர்களைத் தேடித் தருவது மேடத்தின் தொழில்; ஒட்டடை அவருக்கு உதவியாள். மேடம் குனிந்து பார்த்தார். மாடியில் ஒற்றை அறை. ஒரு கட்டில், ஒரு மேஜை, மேஜை மேல் சின்னக் கண்ணாடிப் பெட்டி. உள்ளே ஈர மண்ணும் ஒரு துண்டு மரப்பட்டையும் இருந்தன. பட்டைக்குப் பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சிலந்தி, உடம்பெல்லாம் பழுப்பு ரோமத்தோடு அசையாமல் உட்கார்ந்திருந்தது. மூலையில் ஒரு கிண்ணம். அதில் தண்ணீர் விளிம்பு வரைக்கும் தளும்பியது.

"இந்த அறைக்கு ரெண்டே சாவிதான்" என்றாள் அந்த அம்மா. "ஒண்ணு அவன்கிட்ட இருக்கு. இன்னொண்ணை எனக்குத் திருட்டுத்தனமா குடுத்து வச்சிருந்தான். அவன் காணாமப் போய் ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சு. போன் அணைஞ்சு கிடக்கு. என் வீட்டுக்காரர் பட்டறைக்குப் போனதும் நான் ஒருநாள் விட்டு ஒருநாள் வந்து பெருக்கிட்டுப் போவேன். இந்தப் பெட்டிக்கிட்ட மட்டும் கையைக் கொண்டுபோக மாட்டேன். ஆனா கிண்ணத்துல தண்ணி இருக்கு, பெட்டியில உயிர்ப் பூச்சி ஓடுது. அவன் வராம யாரு வைப்பா?"

"சிலந்தியே வெளியே சொல்லி வரவழைச்சுச் சாப்பிடுதோ என்னவோ" என்றான் ஒட்டடை. "எட்டுக் கால் இருக்கு, ஒண்ணுல போன் பிடிச்சா போதும்."

யாரும் சிரிக்கவில்லை.

"சாப்பாடும் கட்டி வைக்கிறேன்" என்றாள் அந்த அம்மா. "திரும்பி வரும்போது டப்பா காலி. கழுவிக் கவுத்து வச்சிருக்கு."

மேடம் ஜன்னலோரம் கவிழ்ந்திருந்த டப்பாவைப் பார்த்தார். "உங்க பையன் வீட்டுல டப்பா கழுவுவானா?"

அந்த அம்மா முந்தானையால் கட்டில் கம்பியைத் துடைத்தாள். அதில் தூசு இல்லை.

"தனியா இருந்தா எல்லாம் தானா வந்துடும்" என்றாள்.

"போலீஸுக்கு ஏன் போகல?"

"அவர் வேணாம்னுட்டார். வர்றவன் வருவான், இல்லாட்டிப் போறான்னார். அவங்க ரெண்டு பேருக்கும் பேச்சு வார்த்தை நின்னு ரெண்டு வருஷமாச்சு. எல்லாம் இந்தச் சனியனாலதான். ஒருநாள் பெட்டியை விட்டு வெளியே வந்து அவர் படுக்கையில ஏறிடுச்சு. வீட்டுல அது இருக்கணும், இல்ல நான் இருக்கணும்னார். இவன் பெட்டியைத் தூக்கிட்டு இறங்கிப் போயிட்டான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நான் அடுப்புல பால் வச்சிருந்தேன். அது பொங்கிடக் கூடாதேன்னு பார்த்துக்கிட்டிருந்தேன்."

மேடத்துக்கு இந்த மாதிரி பதில்கள் பழக்கம். அவர் மேஜையின் இழுப்பறையைத் திறந்தார். சாண் நீளத்தில் மெல்லிய இடுக்கி ஒன்று கிடந்தது. சிலந்திக்குப் பூச்சியைப் பிடித்துக் கொடுப்பதற்கென்றே விற்கிற இடுக்கி. அதன் மேல் தூசு படிந்திருந்தது. பிறகு பெட்டிக்கும் சுவருக்கும் நடுவில் கையை விட்டு இன்னொன்றை உருவினார். அதுவும் இடுக்கிதான். ஆனால் இரும்புக் கம்பியை வளைத்து, நுனியைத் தட்டையாகத் தட்டிச் செய்தது. ஒரு முழுக் கை நீளம் இருந்தது. பிடிக்கிற இடத்தில் நீலத் துணி நாடா சுற்றி முடிச்சுப் போட்டிருந்தது.

"ஐயோ, இது என்ன மேடம்" என்றான் ஒட்டடை. "இதை வச்சுக்கிட்டு அடுத்த தெருவுல நின்னே தீனி போடலாம் போலிருக்கே. எனக்கு ஒண்ணு செஞ்சு தரச் சொல்லுங்க."

அந்த அம்மா கம்பியைப் பார்த்தாள். பிறகு ஜன்னலைப் பார்த்தாள்.

"எனக்கு ஒண்ணு மட்டும் தெரிஞ்சா போதும்" என்றாள். "அவன் இருக்கானா, இல்லையா."

தெருவுக்கு வந்த பிறகும் மேடம் வெகுநேரம் பேசவில்லை. அவர் மௌனத்தில் நடக்கும்போது குறுக்கே பேசக் கூடாது என்று ஒட்டடைக்குத் தெரியும். தெரிந்தும் அவனால் ஒரு தெருமுனைக்கு மேல் தாங்க முடியாது.

"பையன்தான் மேடம். அம்மா முகத்தைப் பார்க்க வெட்கப்பட்டு ஒளிஞ்சு ஒளிஞ்சு வர்றான். கேஸ் முடிஞ்சுது."

"வளர்க்கிறவனுக்குச் சாண் இடுக்கி போதும்" என்றார் மேடம். "கை நீளத்துக்கு ஒண்ணு வேணும்னா அது பயந்தவன் செஞ்சது. அவனுக்கு அதைத் தொடப் பயம். பக்கத்துல போகவும் பயம். ஆனாலும் வர்றான்."

"யாரோ வர்றாங்க. சரி."

"பெட்டியில மூணு பூச்சி ஓடுச்சு. ஒண்ணு சிலந்தி முதுகு மேலேயே ஏறி உக்காந்திருந்துச்சு. சிலந்தி கண்டுக்கல. அதுக்குப் பசியில்ல. பழகினவன்னா தீனியை நிறுத்தியிருப்பான். இவனுக்கு எப்ப நிறுத்தணும்னு தெரியல. போட்டுக்கிட்டே இருக்கான்."

ஒட்டடை நின்றுவிட்டான். "அப்ப அது பையன் இல்ல. பையனை ஏதாவது பண்ணிட்டு, அறையை எவனோ பிடிச்சு வச்சிருக்கான்."

"பண்ணினவன் எதுக்குப் பூச்சிக்குத் தண்ணி வைக்கணும்? எதுக்கு டப்பாவைக் கழுவணும்?"

ஒட்டடை தலையைச் சொறிந்தான். கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "அந்த அம்மாகிட்ட இப்பவே சொல்லிடலாமே மேடம்" என்றான்.

"என்னன்னு? வர்றது உங்க பையன் இல்லைன்னா?"

அவர் கேட்ட விதத்தில் ஒட்டடை வாயை மூடிக்கொண்டான். அந்த அம்மாவிடம் மிச்சம் இருப்பது ஒரு சிலந்தியும் ஒரு காலி டப்பாவும்தான். இரண்டையும் ஒரே வாக்கியத்தில் பிடுங்கிவிடலாம்.

உயிர்ப் பூச்சி விற்கிற கடை அந்தப் பக்கத்தில் ஒன்றுதான் இருந்தது. மீன் தொட்டிகள் வரிசையாகக் குமிழிவிட்டன. கூண்டில் ஒரு கிளி வருகிறவர்களையெல்லாம் ஒரே கெட்ட வார்த்தையில் வரவேற்றது.

"கண்டுக்காதீங்க, போன ஓனர் வாய் அப்படி" என்றார் கடைக்காரர். "என்ன வேணும்? சுவர்க்கோழிப் பூச்சியா? பல்லிக்கா, சிலந்திக்கா?"

"எங்களுக்கு இல்ல அண்ணே" என்றான் ஒட்டடை. "சிலந்திக்கு யாரு வாங்கறாங்க?"

"சிலந்தி வளர்க்கிறவன் ஊருக்கு எத்தனை பேர் இருப்பான்? எனக்கு ஒரே ஆள். முன்னாடி ஒரு பையன் வருவான், நல்ல பையன். நின்னு பேசுவான். இப்ப வர்றது ஹெல்மெட்."

"பேரா?"

"பேரெல்லாம் யாரு கேட்டா? உள்ள வந்தா ஹெல்மெட்டைக் கழட்டவே மாட்டார். கிளி கொத்திடும்னு பயமோ என்னவோ. பூச்சி டப்பாவை ரெண்டு விரல்ல பிடிச்சு, உடம்புல படாம தூக்கிட்டுப் போவார். ஒரு வாட்டி கேட்டேன், உங்களுக்குச் சிலந்தின்னா பிடிக்குமான்னு. பிடிக்காது, ஆனா அது சாகக் கூடாதுன்னார். எனக்கென்ன, வியாபாரம்."

"எப்ப வருவார்?" என்று கேட்டார் மேடம்.

"சனிக்கிழமை சாயங்காலம்."

சனிக்கிழமை சாயங்காலம் மீன் தொட்டிகளுக்குப் பின்னால் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். தண்ணீருக்கு அந்தப் பக்கம் கடை பச்சையாக ஆடியது. கிளி ஒட்டடையை நாலு தடவை திட்டியது. நாலாவது தடவைக்கு அவன் மெதுவாகப் பதில் சொன்னான்.

ஹெல்மெட் ஆள் வந்தார். இந்தத் தடவை கையில் ஒரு துணிப் பை. அதை மார்போடு அணைத்து, பிள்ளையைத் தூக்கி வருவது போல் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். பைக்குள்ளிருந்து கண்ணாடிப் பெட்டி வந்தது.

"செத்துப்போச்சு" என்றார். குரல் ஹெல்மெட்டுக்குள் அமுங்கி ஒலித்தது. "இதே மாதிரி ஒண்ணு குடுங்க. இதே அளவு, இதே நிறம். வித்தியாசம் தெரியக் கூடாது. இன்னிக்கே வேணும். நாளைக்கு ஆள் வந்து பார்க்கும்."

மேடம் கண் காட்டினார். ஒட்டடை போய்க் கதவை அடைத்துக்கொண்டு நின்றான். அவன் அகலத்துக்கு அதை அடைத்தது என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த ஆள் திரும்பவே இல்லை.

பெட்டிக்குள் சிலந்தி மல்லாந்து கிடந்தது. எட்டுக் கால்களும் மேலே விரிந்திருந்தன.

கடைக்காரர் எட்டிப் பார்த்தார். பிறகு சிரித்தார். "யாரு சொன்னா செத்துப்போச்சுன்னு? தோல் உரிக்குதுங்க! செத்தா காலையெல்லாம் உள்ளுக்கு மடக்கிக் குப்புறச் சுருண்டுடும். இப்படி மல்லாந்து கிடந்தா உயிரோட இருக்குன்னு அர்த்தம்." சட்டென்று அவர் சிரிப்பு நின்றது. "அட, உள்ள பூச்சியை விட்டு வச்சிருக்கீங்களே! இந்த நேரத்துல இதோட உடம்பு பச்சைக் குழந்தை உடம்பு மாதிரி. இது பூச்சியைத் தின்னாது, பூச்சி இதைத் தின்னுடும்."

அவர் அவசரமாகப் பூச்சிகளை ஒவ்வொன்றாகப் பிடித்து வெளியே எடுத்தார். ஹெல்மெட் ஆள் கையை மேஜையில் ஊன்றிக்கொண்டார். முழங்கை வரைக்கும் பொட்டுப் பொட்டாகத் தீப்பொறி சுட்ட தழும்புகள்.

"மல்லாந்து கிடந்தா உயிரோட இருக்குன்னா அர்த்தம்?" என்று கேட்டார்.

"ஆமாங்க. ரெண்டு மணி நேரத்துல புதுசா எழுந்து உக்காரும் பாருங்க."

மீன் தொட்டிகள் குமிழிவிடும் சத்தம் மட்டும் கேட்டது. கிளிகூட என்ன நினைத்ததோ, வாயைத் திறக்கவில்லை.

"அவனும் மல்லாந்துதான் கிடந்தான்" என்றார். "நான் ரொம்ப நேரம் நின்னு பார்த்தேன்."

ஹெல்மெட்டைக் கழற்றினார். ஒட்டடை எதிர்பார்த்த முகம் அதில் இல்லை. நரைத்த தலை, மழிக்காத தாடை, வெல்டிங் வெளிச்சத்தைப் பார்த்துப் பார்த்துச் சிவந்துபோன கண்கள். அந்த அம்மா காட்டிய புகைப்படத்தில் இருந்த பையனுக்கு முப்பது வயது கூட்டினால் இந்த முகம்தான் வரும்.

கடை வாசலில் ஒரு பெஞ்சு இருந்தது. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அப்பாக்காரர் அதில் உட்கார்ந்தார். மேடம் பக்கத்தில் உட்கார்ந்தார். ஒட்டடை இடம் இருந்தும் நின்றான். "உங்க வீட்டம்மாதான் பையனைத் தேடச் சொன்னாங்க" என்று மட்டும் சொன்ன மேடம் வேறு எதுவும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதுதான் அவர் வழி. கேட்காத இடத்தில் மனிதர்கள் தாங்களே வந்து விழுவார்கள்.

"வெளியூர்ல, ரோட்டுல. பைக்ல போயிருக்கான்" என்றார் அவர். "அவன் போன்ல 'அப்பா'ன்னு ஒரு நம்பர் இருந்துச்சாம். ரெண்டு வருஷமா அதுக்கு ஒரு வாட்டி பேசினதில்ல. ஆனா அழிக்கல. போலீஸ் அதைப் பார்த்து என்னைக் கூப்பிட்டாங்க. அவகிட்ட வேலையா போறேன்னு சொல்லிட்டுப் போனேன். தனியாவே எல்லாம் முடிச்சேன். அவன் சட்டைப் பையில இருந்த சாவியைக் குடுத்தாங்க."

"வீட்டுக்கு வந்ததும் சொல்லியிருக்கலாமே."

"சொல்லணும்னுதான் வந்தேன். அதுக்கு முன்னாடி அவன் அறையை ஒரு வாட்டி பார்த்துடலாம்னு போனேன். இது அங்க உக்காந்திருந்துச்சு. கிண்ணம் காஞ்சு கிடந்துச்சு. என்ன நினைச்சேன்னு தெரியல, தண்ணி ஊத்தினேன். அவ்வளவுதாம்மா செஞ்சேன். மறுநாள் சாயங்காலம் நான் சொல்ல வாயெடுக்கும்போது அவ ஓடி வர்றா. அவன் வந்திருக்கான், பூச்சிக்குத் தண்ணி வச்சிருக்கான்ங்கறா. நான் அந்த முகத்தைப் பார்த்து எவ்வளவோ வருஷமாச்சு. அன்னிக்கு உக்காந்து நல்லா சாப்பிட்டா." அவர் பெட்டியின் மூடியைத் தடவினார். "அப்புறம் நான் என்ன பண்றது? தண்ணி தீரும். மறுபடி ஊத்தணும். பூச்சி போடணும். டப்பாவுல சாப்பாடு வைக்க ஆரம்பிச்சா. அது அப்படியே இருந்தா தெரிஞ்சுடுமே. உக்காந்து சாப்பிட்டேன். அவனுக்குக் கட்டின சாப்பாட்டை."

ஒட்டடை தலையைக் குனிந்துகொண்டான். கண்ணாடிக்குள் சிலந்தியின் பழைய தோல் மெல்ல விலகிக்கொண்டிருந்தது. ஒரு சிலந்திக்குள்ளிருந்து இன்னொரு சிலந்தி காலை இழுத்தது.

"அவகிட்ட சொல்லிடாதீங்கம்மா" என்றார் அவர்.

"எத்தனை நாளைக்கு இப்படி?"

"இது எத்தனை வருஷம் இருக்கும்னு கடைக்காரரைக் கேட்டேன். பொட்டையாம், இருபது வருஷம் இருக்குமாம்." அவர் எழுந்து பையை மாட்டிக்கொண்டார். "என் ஆயுசுக்குப் போதும்."

மேடம் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அப்பாக்காரர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, கட்டுமானம் நடக்கிற தெருவில் பள்ளம் பார்த்துப் பார்த்து, பெட்டி அலுங்காமல் வண்டியை உருட்டிக்கொண்டே நடந்து போனார்.

ஒருநாள் தள்ளி அந்த அம்மாவின் வீட்டுக்குப் போகும்போது வழியெல்லாம் ஒட்டடை ஒரு ஜோக்கூடச் சொல்லவில்லை. வாசலில் மட்டும், "ஏதாவது பொய் சொல்லிடலாம் மேடம்" என்றான். "டெல்லியில இருக்கான், துபாயில இருக்கான்னு. நான் நல்லா சொல்வேன்."

"ஏற்கெனவே ஒருத்தர் நல்லாத்தான் சொல்லிட்டிருக்கார்" என்றார் மேடம்.

அந்த அம்மா சமையலறையில் இருந்தாள். உட்காரச் சொல்லிவிட்டு, அடுப்பிலிருந்து பாத்திரத்தை இறக்க சுவர் ஆணியில் தொங்கிய இடுக்கியை எடுத்தாள். இரும்புக் கம்பியை வளைத்து, நுனியைத் தட்டையாகத் தட்டிச் செய்த இடுக்கி. பிடிக்கிற இடத்தில் நீலத் துணி நாடா. அதே முடிச்சு.

மேடம் அந்த முடிச்சையே பார்த்தார். அந்த அம்மா அவர் பார்ப்பதைப் பார்த்தாள். பாத்திரத்தை இறக்கினாள். இடுக்கியை ஆணியில் மாட்டினாள். அது சுவரில் ஆடி நின்றது.

"தெரிஞ்சேதான் எங்களைக் கூப்பிட்டீங்க" என்றார் மேடம்.

"முதல் தடவை தண்ணியைப் பார்த்தப்ப நிஜமாவே நம்பினேன். சத்தியமா நம்பினேன். அப்புறம் ஒருநாள் அந்தக் கம்பி அங்க கிடந்துச்சு. கல்யாணமான புதுசுல என் கை சுட்டுடக் கூடாதுன்னு இதைச் செஞ்சு குடுத்தவர். இந்தக் கை எனக்குத் தெரியாதா? டப்பாவைக் கழுவற கையும் அதுதான். பட்டறைக் குழாயில கழுவிக் கவுத்தே பழக்கம்." அவள் அடுப்பை அணைத்தாள். "அவர் போய் அந்தப் பூச்சிக்குத் தீனி வைக்கிறார்னா, வைக்க வேண்டியவன் இனிமே வர மாட்டான். அது வரைக்கும் எனக்கே புரிஞ்சுது. ஆனா ஆமான்னு ஒருத்தர் சொல்லணுமில்ல?"

அவள் மேடத்தின் முகத்தைப் பார்த்தாள்.

"ஆமா" என்றார் மேடம்.

அந்த அம்மா அழவில்லை. மேடைக் கல்லில் சிந்தியிருந்ததை ஒரே இடத்தில் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"கூட யாராவது இருந்தாங்களா?"

"அவர் போயிருக்கார். கடைசி வரைக்கும் அவர்தான்."

"ரெண்டு நாள் வேலைன்னு போனாரே, அப்பதானா? திரும்பி வந்து குளிச்சுக்கிட்டே இருந்தார். தொட்டித் தண்ணி தீர்ந்துடுச்சேன்னு நான் கத்தினேன்."

"அவர்கிட்ட நேராவே கேட்டிருக்கலாமேம்மா" என்றான் ஒட்டடை. அவனுக்குத் தாங்கவில்லை.

"கேட்டா, வெளியே போன்னு நீங்கதானே சொன்னீங்கன்னு கேட்டுடுவேன்ப்பா. அவர் பதிலுக்கு, நீ ஏன் தடுக்கலைன்னு கேட்பார். அதுக்கு என்கிட்ட என்ன இருக்கு? பால்தான் இருக்கு." அவள் துணியைப் பிழிந்து காயப் போட்டாள். பிறகு தாழ்ந்த குரலில் கேட்டாள். "அந்தப் பூச்சி ரெண்டு மூணு நாளா ஒரு மாதிரி இருந்துச்சே. பொழைச்சுக்குமா?"

"பொழைச்சுது. தோல் உரிச்சிருக்கு. நல்லா இருக்கு."

"அப்ப நாளைக்கும் டப்பா கட்டணும்" என்றாள். "வீட்டுல ரெண்டு வாய்க்கு மேல இறங்க மாட்டேங்குது அவருக்கு. அங்க போய்த்தான் முழுசா சாப்பிடறார்."

அலமாரியிலிருந்து டப்பாவை எடுத்து மேடை மேல் வைத்தாள். "எனக்குத் தெரியும்னு மட்டும் அவர்கிட்ட சொல்லிடாதீங்கம்மா."

படியிறங்கும்போது வண்டிச் சத்தம் கேட்டது. அவர் ஹெல்மெட்டோடு மேலே ஏறி வந்தார். மேடத்தைப் பார்த்ததும் நின்றார். அவர் கண்கள் ஒரே ஒரு கேள்வி கேட்டன. மேடம் வழிவிட்டு ஒதுங்கினார், முன்பின் தெரியாதவருக்கு ஒதுங்குவது போல. அவர் மூச்சை விட்டுவிட்டு மேலே போனார்.

கீழே வந்த பிறகும் இரண்டு பேரும் நகரவில்லை. மேலே கதவு திறந்தது. அந்த அம்மாவின் குரல் எப்போதும் போலக் கேட்டது.

"சாப்பாடு போடவா?"

"வேணாம். பட்டறையிலேயே சாப்பிட்டுட்டேன்."